கணக்குப் பார்த்தவர்: ஜே. சி. குமரப்பாவின் வாழ்க்கை வரலாறு

எமது பிள்ளைகள் பாடசாலையிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் வீட்டுக்குக் கொண்டுவரும் சொற்களில் ஒன்று ‘நிலைபேறான அபிவிருத்தி’. இயற்கை வளங்களை அழிக்காமல், வரப்போகும் தலைமுறைகளின் பங்கையும் எடுத்துச் சாப்பிட்டுவிடாமல், இருப்பதை எல்லோரும் பகிர்ந்து வாழ்வது எப்படி என்பதே அதன் பொருள். 1987ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபைக்காக நோர்வேயின் புருன்ட்லண்ட் அம்மையார் தலைமையிலான குழு ஓர் அறிக்கை வெளியிட்ட பின்னரே இச்சொல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டில்தான் ஓசோன் படலத்தைக் காக்கும் உடன்படிக்கை எமது மொன்றியல் நகரில் கையெழுத்தானது.

அந்த அறிக்கைக்கு 42 ஆண்டுகள் முன்னரே, தஞ்சாவூரில் பிறந்த ஒரு தமிழர் சிறையிலிருந்தபடி இதே பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளிவந்தது. அந்த நூலின் பெயரை ‘நிலைத்து நிற்கும் பொருளாதாரம்’ என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஜே. சி. குமரப்பா. இந்தியாவில் காந்தியவாதிகள் மத்தியில் மிகப் புகழ்பெற்ற பெயர். ஆயினும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்த எம்மில் பலருக்கு இவரைப் பாடப்புத்தகம் அறிமுகப்படுத்தவில்லை. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கோ அறவே தெரியாது. ஆகவே இவரது வாழ்க்கையை இங்கே சற்று விரிவாகவே தருகின்றோம்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் திகதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் சொலமன் துரைசாமி கொர்னேலியஸ் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் உத்தியோகத்தர். நேரம் தவறாமை, கட்டுப்பாடு, கணக்குச் சுத்தம் ஆகியவை அவ்வீட்டின் சட்டங்கள். தாயார் எஸ்தர் இராஜநாயகம் இரக்க மனம் படைத்தவர். பிள்ளைகள் கோழி வளர்த்து விற்று, வரும் காசை ஏழைகளுக்குக் கொடுக்கும்படி பழக்கியவர் என்று சொல்வார்கள். தந்தையின் கணக்கும் தாயின் கருணையும் இந்த மனிதரிடம் கடைசிவரை ஒன்றாகவே இருந்தன. ஒன்றையொன்று விழுங்கிவிடவில்லை என்பதுதான் விசேஷம்.

அக்காலத்து வசதியான குடும்பத்துப் பிள்ளைகளைப் போல இலண்டன் சென்று கணக்காளர் படிப்பை முடித்தார். முதலாம் உலகப் போர்க் காலம் முழுவதும் அங்கேதான் இருந்தார். நல்ல வேலையும் கிடைத்தது. தாயார் திரும்பி வரச் சொல்லி வற்புறுத்தவே 1919இல் இந்தியா திரும்பி, பம்பாயில் கூட்டாளி ஒருவருடன் கணக்காய்வு நிறுவனம் தொடங்கினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுச் சாப்பாடு, மேல்நாட்டுப் பழக்கம். பெரிய கம்பனிகளின் கணக்குகளைச் சரிபார்த்து நன்றாகவே சம்பாதித்தார். இப்படியே இருந்திருந்தால் அவரைப் பற்றி இன்று ஒருவரும் எழுதப் போவதில்லை.

அண்ணன் தம்பியர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்ததால், 1920களின் பிற்பகுதியில் இவரும் அங்கே போனார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றார். மொன்றியலிலிருந்து எல்லை தாண்டி நியூயோர்க் பக்கம் காரில் போகும் எம்மவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். பின்னர் நியூயோர்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அரசாங்க வரி விடயத்தில் அக்காலத்தில் பெரிய பெயர் பெற்றிருந்த பேராசிரியர் செலிக்மன் அவர்களிடம் படித்தார். அங்கே இருந்தபோது ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஓர் உரை நிகழ்த்தினார். அந்த உரை பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுக்கும்படி சொன்னார்.

அதுவரை கம்பனிக் கணக்குகளைப் பார்த்த கண், இப்போது ஓர் ஆட்சியின் கணக்கைப் பார்த்தது. இந்தியக் குடியானவனிடமிருந்து வசூலித்த வரி எங்கே போகிறது என்று வரவையும் செலவையும் வரிசைப்படுத்திப் பார்த்தார். படைச் செலவு ஒரு பக்கம். வெள்ளை உத்தியோகத்தரின் சம்பளமும் ஓய்வூதியமும் இன்னொரு பக்கம். கடனுக்கு வட்டி என்று இலண்டனுக்குப் போகும் பணம் வேறு. வரி கொடுத்தவனுடைய கிராமத்துக்கு எஞ்சியது மிகச் சொற்பம். ஏழ்மை தலைவிதியுமல்ல, சோம்பலுமல்ல. கணக்குப் புத்தகத்தில் காட்டக்கூடிய ஒன்று என்று அவருக்குத் தெரிந்தது. அந்நாட்களிலேயே கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, குமரப்பா என்ற குடும்பத்தின் பழைய பெயரை எடுத்துக்கொண்டார். மதத்தை மாற்றவில்லை. கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். தம்பி பரதன் குமரப்பாவும் அப்படியே. அந்தத் தம்பி எழுதிய ஆராய்ச்சி நூல் இராமாநுஜர் வரையிலான இந்து சமயத்தின் கடவுட் கொள்கை பற்றியது என்பதை எமது வாசகர்கள் அறிந்துகொள்ள விரும்புவார்கள்.

1929இல் இந்தியா திரும்பிய குமரப்பா, தமது ஆராய்ச்சியை வெளியிடும் நோக்கில் காந்தியடிகளைப் பார்க்க விரும்பினார். அவ்வாண்டு மே மாதம் 9ஆம் திகதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டு மேலாடை, கையில் தடி. குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே வந்துவிட்டார். ஒரு மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர் யாரென்று தெரியாமல் தடியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் முதியவரே சிரித்து, குமரப்பாவா என்று விசாரித்தார். அப்போதுதான் அவர் காந்தி என்று புரிந்தது. உடனே பட்டு உடையைப் பாராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்கள், அது தேவைப்படவில்லை. ஆராய்ச்சி காந்தியின் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளிவந்தது.

காந்தியடிகள் அவருக்கு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் என்ற தாலுகாவின் கிராமங்களுக்குப் போய் மக்களின் பொருளாதார நிலையை நேரில் கணக்கெடுக்க வேண்டும். குஜராத்தி தெரியாத இவர், குஜராத் வித்தியாபீடத்து மாணவர்களுடன் 54 கிராமங்களில் வீடு வீடாகப் போய் விபரம் திரட்டினார். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை மாடு, என்ன விளைச்சல், எவ்வளவு கடன், என்ன சாப்பாடு என்று எழுதினார். அறிக்கை 1931இல் வெளியானது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் கற்ற படிப்பு மாத்தர் புழுதியில்தான் முழுமை பெற்றது என்று சொல்லவேண்டும். கிராமத்தானுடைய வறுமைக்கு வரி மட்டும் காரணமல்ல என்பதையும் அங்கேதான் கண்டார். மழை இல்லாத மாதங்களில் அவனுக்கு வேலை இல்லை. முன்னர் அந்த மாதங்களில் நூல் நூற்றான், எண்ணெய் ஆட்டினான், வெல்லம் காய்ச்சினான். ஆலைகள் வந்தபின் அந்த வருமானம் போயிற்று. நிலத்தை மட்டும் நம்பியிருக்கும்படி ஆனான்.

உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் ‘யங் இந்தியா’வை நடத்தினார், சிறை சென்றார். 1931இல் காங்கிரஸ் அமைத்த ஒரு குழு, பிரித்தானியாவும் இந்தியாவும் ஒன்றுக்கொன்று உண்மையில் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன என்று ஆராய்ந்தது. அதன் அமைப்பாளரும் இவரே. இந்தியாவின் பெயரில் எழுதப்பட்ட கடனில் பெரும்பகுதி இந்தியாவுக்காக வாங்கப்பட்டதே அல்ல என்று அந்தக் குழு எடுத்துக்காட்டியது. ஒரு சாம்ராச்சியத்துக்கே கணக்காய்வு செய்த தமிழர் என்று இவரைச் சொன்னால் அது மிகையல்ல.

கணக்கு விடயத்தில் இவர் தம்மவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. நாடெங்கும் சேர்ந்த நிவாரணப் பணத்துக்கு இராஜேந்திர பிரசாத் பொறுப்பு. கணக்குக்கு குமரப்பா பொறுப்பு. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணா என்று கட்டுப்பாடு வைத்தார். காந்தியடிகள் தமது பரிவாரத்துடன் அங்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தரமுடியாது என்று மறுத்துவிட்டார். காந்திக்கு இதில் கோபமில்லை. இப்படிப்பட்ட ஒருவர் பொதுப்பணத்துக்குக் காவலாக இருப்பதில் மகிழ்ச்சிதான். எந்தச் சங்கமானாலும், எந்த ஆலய சபையானாலும், ஒரு குமரப்பா பொருளாளராக இருந்தால் நிர்வாகக் கூட்டம் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் வருடாந்தப் பொதுக்கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

அவ்வாண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. செயலாளர் குமரப்பா. இடம் ‘மகன்வாடி’ என்ற தோட்டம். இங்கே அவர் செய்த வேலைதான் இவரை வெறும் நூலாசிரியர் என்ற நிலையிலிருந்து உயர்த்துகிறது. செக்கு, திரிகை, உரல், கடதாசி, சவர்க்காரம், தேனீ, வெல்லம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து, எப்படித் திருத்தினால் குறைந்த உழைப்பில் கூடுதல் பயன் தரும் என்று பரிசோதித்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகக் கிராமத்தில் ஆட்டும் எண்ணெயிலேயே எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கு அங்கே உருவானது. பழையதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டார்கள். கருவி மனிதனுக்கு உதவலாம், அவனை வேலையை விட்டுத் துரத்தக்கூடாது என்பதே அவர் போட்ட எல்லை.

அரிசியை எடுத்துக்கொள்வோம். ஆலையில் வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசியில் தவிடு போய்விடுகிறது. தவிட்டோடு பி1 உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அது இல்லாத சாப்பாட்டால் பெரிபெரி நோய் வருகிறது. தீட்டிய அரிசிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஒல்லாந்து மருத்துவர் ஐக்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார். குமரப்பா இதைக் கணக்காளர் முறையில் பார்த்தார். கையால் குத்திய அரிசியில் கிராமத்துப் பெண்ணுக்குக் கூலி இருக்கிறது. சாப்பிடுபவனுக்குச் சத்து இருக்கிறது. தவிடு மாட்டுக்குப் போகிறது. ஆலை அரிசி காசுக்கு மலிவு. ஆனால் போன கூலியையும் போன சத்தையும் யாருடைய கணக்கில் எழுதுவது? விலைச்சீட்டில் அவை இல்லை. இன்று மொன்றியலில் எமது குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. வைத்தியரின் சொற்படி தவிட்டுடன் கூடிய சிவப்பரிசியைக் கூடுதல் விலை கொடுத்துத் தேடி வாங்குகிறோம். எங்கள் பாட்டிமார் உரலில் குத்திய அதே அரிசிதான்.

சீனி விடயமும் இப்படியே. கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பனையோ யாரும் தண்ணீர் ஊற்றாத வரண்ட நிலத்தில் தானாக நிற்கிறது. ஆகவே இனிப்பைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டு, கரும்பு நிலத்தை நெல்லுக்கும் பருப்புக்கும் காய்கறிக்கும் விடுங்கள் என்றார். கருப்பநீர் குடித்து, தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை ஏற்பட்டது இதே சிந்தனையின் வழியில் என்று கொள்ளலாம். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு விளக்க ஒரு வழி உண்டு. இளவேனில் தொடங்கும்போது, தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள மோர்கன் மரக்காட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள். மேப்பிள் மரம் உழவும் விதைப்பும் கேட்பதில்லை. மரத்தை வெட்டுவதுமில்லை. அடுத்த ஆண்டும் அதே மரம். சுமார் 40 லீற்றர் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும். எங்கள் ஊர்ப் பனங்கட்டிக் கொட்டிலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகையும் மணமும் புதிதல்ல.

1938இல் காங்கிரஸ் ஒரு தேசியத் திட்டக்குழுவை அமைத்தது. தலைவர் ஜவகர்லால் நேரு. குமரப்பாவும் உறுப்பினர். பெரிய ஆலைகளே நாட்டை உயர்த்தும் என்ற எண்ணம் அங்கே மேலோங்கி நின்றது. சில மாதங்களிலேயே விலகிவிட்டார். நேருவுக்கும் இவருக்கும் இருந்த இந்த வேறுபாடு கடைசிவரை தீரவில்லை.

போர்க்காலத்தில் அரசாங்கம் இந்தியாவின் தானியத்தையும் துணியையும் அள்ளிக்கொண்டு, பதிலுக்குக் கடதாசி நோட்டுகளை அச்சடித்துத் தள்ளியது. பொருள் குறைந்து பணம் கூடினால் விலை ஏறும். விலை ஏறினால் முதலில் சாவது கூலிக்காரன். இதைத் துணிந்து எழுதினார். எழுதியதற்கும் போராட்டத்தில் பங்கெடுத்ததற்கும் சிறை. 1943இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டது அவர் சொன்னதற்குச் சாட்சி. ஜபல்பூர்ச் சிறையில் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுநாதரின் போதனையும் நடைமுறையும் பற்றியது. மற்றது நாம் முதலில் சொன்ன நூல். இரண்டும் 1945இல் வெளிவந்தன. பொருளாதார நூலுக்குக் காந்தியடிகள் முன்னுரை எழுதினார். விளையாட்டும் மரியாதையுமாக, சமயத்துக்கு ஒன்றும் கிராமக் கைத்தொழிலுக்கு ஒன்றுமாக இரண்டு கலாநிதிப் பட்டங்களையும் தாமே வழங்கினார்!

அந்த நூலின் சாரத்தைச் சொல்லாமல் இவரது வாழ்க்கையைச் சொல்லமுடியாது. இயற்கையில் உயிர்கள் வாழும் முறையை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. உணவு தந்த உயிரே அழிகிறது. குரங்கு மாந்தோப்பில் பழத்தைப் பறிக்கிறது; மரத்தைக் கொல்லவில்லை, ஆனால் தோப்புக்குத் தான் ஒன்றும் கொடுக்கவில்லை. பறவை தன் உழைப்பால் தனக்குக் கூடு கட்டுகிறது. தேனீ தனக்கென்றில்லாமல் முழுக் கூட்டுக்கும் உழைக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே தாய். கைம்மாறு எண்ணாமல் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். மனிதர்களும் அவர்களுடைய வர்த்தகமும் அரசுகளும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் அடங்கும் என்றார். அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்துவது புலி. பிற நாட்டை ஆண்டு வரி எடுப்பதும் அதற்கு வெகுதூரமல்ல. ஒரு கம்பனி எந்தப் பிராணி என்று கேட்கும் இந்த முறை பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். சாப்பாட்டு மேசையில் பரீட்சித்துப் பாருங்கள். பெற்றோருடைய வேலைத்தலத்தையும் விடமாட்டார்கள்.

இன்னொரு பிரிவு இன்னும் முக்கியமானது. நிலக்கரி, பெற்றோலியம், உலோகத் தாது ஆகியவை தொட்டித் தண்ணீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். காடு, ஓடும் நீர், காற்று, வெயில், மாடு, மனித உழைப்பு ஆகியவை ஆற்று நீர் போன்றவை. அளவோடு எடுத்தால் மறுபடி வந்துகொண்டேயிருக்கும். தொட்டியை நம்பி வாழ்பவர்கள் அது வற்றும்போது அடுத்தவன் தொட்டிக்குப் போவார்கள். அப்போது போர் வரும். எண்ணெய் உள்ள நாடுகளைச் சுற்றி அதன்பின் நடந்த போர்களைப் பார்த்தவர்களுக்கு, 1945இல் ஒருவர் இதைக் கண்டது வியப்பாக இருக்கும். உழவு இயந்திரத்தை அவர் விரும்பாததற்கும் இதுவே காரணம். எருது புல்லைத் தின்று உழும், சாணியும் தரும். இயந்திரம் எண்ணெயைத் தின்னும், சாணி போடாது என்று கேலியாகச் சொல்வது அவர் வழக்கம்.

நிலத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கும் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் இலட்சம் பேர் வாழும் பகுதிக்கு நல்ல சாப்பாடு என்றால் எவ்வளவு தானியம், பருப்பு, கீரை, பழம், எண்ணெய், பால் வேண்டும். அதற்கு ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஏக்கர் வேண்டும் என்று அட்டவணை தயாரித்தார். முதலில் இந்தத் தேவை. மிஞ்சினால்தான் ஆலைக்கான கரும்பும் புகையிலையும். இங்கே ஒரு வேடிக்கை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் 1907இல் திறக்கப்பட்ட மக்டொனால்ட் விவசாயக் கல்லூரியை (இன்று மக்கில் பல்கலைக்கழகத்தின் வளாகம்) நிறுவிய சேர் வில்லியம் மக்டொனால்ட், புகையிலை வியாபாரத்தில் பெரும் செல்வர் ஆனவர். தமக்கோ புகையிலை பிடிக்காது என்று சொல்வார்கள். அந்தச் செல்வம் மண்ணையும் பயிரையும் படிப்பிக்கும் இடமாக மாறியது. குமரப்பா இதை வரவு என்று எழுதுவாரா, செலவு என்று எழுதுவாரா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

சுதந்திரம் வந்தது. நண்பர்கள் அமைச்சர்களானார்கள். இவருக்கும் பதவிகள் வந்திருக்கும். அந்தப் பக்கம் போகவில்லை. காங்கிரசின் விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்கு மட்டும் தலைமை தாங்கினார். நாடெங்கும் சுற்றி 1949இல் அறிக்கை கொடுத்தார்கள். உழுபவனுக்கும் அரசுக்கும் இடையில் உள்ள சமீன்தார்கள் போகவேண்டும், நிலம் உழுபவனுக்கு, ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும், சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேரவேண்டும். சமீன்தாரி முறை சட்டத்தால் போயிற்று. மற்றவை ஏட்டில் பெரும்பாலும் ஏறின. வயலில் பெரும்பாலும் இறங்கவில்லை. நாட்டில் பெரிய அணைகளும் உருக்காலைகளும் எழுந்துகொண்டிருந்தன. குமரப்பாவின் குரல் கேட்கச் சங்கடமானதாயிற்று. 1950களின் தொடக்கத்தில் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போய்வந்து, அங்கே நிலம் பங்கிட்டதைப் புகழ்ந்தார். அந்த நாடுகளில் மக்கள் பட்ட துன்பம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்றே இன்று நாம் கொள்ளவேண்டும். காட்டியதைப் பார்த்துத் திரும்பிய விருந்தினர் பலரில் அவரும் ஒருவர்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். 1960களில் இந்தியா அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. புதிய விதையும் இரசாயன உரமும் பம்பு நீரும்தான் அப்போது விளைச்சலைப் பெருக்கின. இரசாயன உரத்தை எதிர்த்த குமரப்பாவிடம் அந்த அவசரத்துக்கு மருந்து இருந்ததா என்றால், இல்லை என்றே தோன்றுகிறது. அதேவேளை அந்த வெற்றியின் தலைநிலமான பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. தொட்டி என்று அவர் சொன்னது இதைத்தான். இரண்டு கணக்கும் உண்மை.

டெல்லி கேட்காததைக் கியூபெக்கில் ஒருவர் வேறு வழியில் செய்து காட்டியிருந்தார். லெவி என்ற ஊரில் அல்போன்ஸ் டெஜார்டான் 1900ஆம் ஆண்டு டிசம்பரில் மக்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார். வட்டிக்காரரிடம் அகப்பட்ட ஏழைகளின் பணம் அவர்களுடைய ஊரிலேயே சுற்றவேண்டும் என்பது நோக்கம். முதல் சேமிப்பு பத்துச் சதம். முதல் நாள் சேர்ந்தது 26 டொலர் 40 சதம். எமது குடும்பங்கள் பலவற்றின் சம்பளம் இன்று போய்ச் சேரும் ‘கெஸ்’ அதுதான். குமரப்பா கடுமையாகப் பேசி நண்பர்களைத் தூரப்படுத்திக்கொண்டார். டெஜார்டான் பங்குக் குருமாரையும் அயலவரையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நிறுவனம் கட்டுவதற்கு இந்த இரண்டாவது குணம் வேண்டும். குமரப்பாவிடம் அது குறைவு.

இரத்த அழுத்தம் அவரை வாட்டியது. 1950களின் நடுப்பகுதியில் மதுரை மாவட்டத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். திருமணம் செய்யவில்லை; சொத்துச் சேர்க்கவில்லை. ஒரு சிறு குடில், புத்தகங்கள், தாமே வடிவமைத்த ‘தோத்திஜாமா’ என்ற உடை. வேட்டியும் பைஜாமாவும் சேர்ந்த அந்த உடையில் துணி மிச்சம், நடக்கவும் வசதி. நோயோடும் சுற்றுக் கிராமங்களின் வேலையைக் கவனித்தார். குடிலில் காந்தியின் படமும், ஓர் ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்தன. காந்தி தமக்கு எசமான், மற்றவர் அந்த எசமானுக்கும் எசமான் என்று வருபவர்களுக்கு விளக்குவாராம்.

1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி சென்னையில் காலமானார். வயது 68. காந்தியடிகள் மறைந்த அதே திகதி. பத்திரிகைகள் மரியாதையாகச் செய்தி வெளியிட்டன. பிறகு சில காலம் பெயர் மறைந்துபோயிற்று.

அதற்கு முந்திய ஆண்டு, 1959இல், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மக்டொனால்ட் கல்லூரியில் பிரேஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வரண்ட நாடுகளின் ஏழை விவசாயிக்கு உதவும் எளிய கருவிகளே அதன் வேலை. வெயிலில் சமைக்கும் அடுப்பு, வெயிலில் காய்கறி உலர்த்தும் பெட்டி, உப்பு நீரை வெயிலால் குடிநீராக்கும் தொட்டி, பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து செய்யும் காற்றாடிப் பம்பு என்று செய்முறை விளக்கங்களை வெளியிட்டார்கள். பனி உறைந்த ஊரில் இருந்துகொண்டு வெயில் அடுப்புக்குப் படம் வரைந்திருக்கிறார்கள்! மகன்வாடியில் செக்கைத் திருத்தியவர் அதைப் பார்த்திருந்தால் கட்டாயம் ஒரு நாள் தங்கி, செலவுக் கணக்கையும் கேட்டிருப்பார்.

உலகம் அவர் பெயரை மறுபடி கேட்டது ஆங்கிலப் பொருளியலாளர் சூமாக்கர் மூலம். ‘சிறியதே அழகு’ என்று பொருள்படும் அவருடைய நூல் 1973இல் வெளிவந்து மேல்நாடுகளில் பரபரப்பாக விற்றது. அதிலே பௌத்தப் பொருளாதாரம் பற்றிய கட்டுரையில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். மேல்நாட்டார் சொன்ன பிறகு எம்மவர்களும் தேடினார்கள். இது எமக்குப் பழகிப்போன சங்கதிதான்.

விடுமுறையில் பிள்ளைகளுடன் மதுரை மீனாட்சி அம்மனைத் தரிசிக்கப் போகும் குடும்பங்களுக்கு ஒரு தகவல். தே. கல்லுப்பட்டி, மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் போகும் சாலையில் சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பஸ் வசதி உண்டு. காந்தி நிகேதன் ஆசிரமம் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.